எழுதிய மாட்யூலை ப்ரொடக்‌ஷனுக்குக் கட்டி அனுப்பும் முறை

ரசீது என்று நாங்கள் பெயர் வைத்திருந்த அந்த மாட்யூல் ஒரே ஒரு வேலைதான் செய்யும். ஆர்டர் விவரத்தைக் கொடுத்தால் பிடிஎஃப் ரசீது ஒன்றைத் திருப்பித் தரும். பைத்தானில் எழுதியது, மொத்தம் 900 வரி இருக்கும். டெஸ்ட் எல்லாம் பச்சை. ஒரு நாள் இரவு பதினொரு மணிக்கு அதை வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் உண்மையான சர்வரில், அதாவது ப்ரொடக்‌ஷனில் ஏற்றினோம். முதல் ரசீதே வரவில்லை. நிரல் தன் நடப்பை எழுதி வைக்கும் லாகில் ஒரே வரி: டெம்ப்ளேட் ஃபைல் கிடைக்கவில்லை.

அந்த ஃபைல் என் லேப்டாப்பில் இருந்தது, நிரலின் மாற்றங்களைச் சேமிக்கும் ஜிட்டிலும் இருந்தது. சர்வருக்குப் போன பேக்கேஜுக்குள் மட்டும் இல்லை. எங்கள் டெஸ்ட்கள் சோர்ஸ் ஃபோல்டரின் மேல் ஓடின. சர்வருக்குப் போனதோ அதிலிருந்து கட்டிய வேறொரு பொருள். அந்தப் பொருளை அதுவரை யாருமே திறந்து பார்த்ததில்லை. இது எனக்கு உறைக்க இரவு இரண்டு மணி ஆயிற்று.

அதன் பிறகு எங்கள் குழுவில் மாட்யூல்களைக் கட்டி அனுப்பும் வேலையை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். நான் கடைப்பிடிக்கும் வழக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். பைத்தானை வைத்துச் சொல்கிறேன். ஜாவாவின் ஜார் ஆனாலும் நோடின் பேக்கேஜ் ஆனாலும் கட்டளைகள்தான் மாறும். டெஸ்ட் செய்த பொருளும் ப்ரொடக்‌ஷனில் ஓடும் பொருளும் ஒரு பைட்கூட மாறாமல் ஒன்றாக இருக்க வேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் பொது.

முதலில் ஃபோல்டரைச் சரிசெய்யுங்கள்

ப்ராஜெக்ட்டின் வேர் ஃபோல்டரிலேயே மாட்யூலை வைத்திருந்தால் அதை எஸ்ஆர்சி என்ற உள் ஃபோல்டருக்கு நகர்த்துங்கள். அழகுக்காகச் சொல்லவில்லை. -எம் கொடியோடு (கட்டளையில் சேர்க்கும் தெரிவு) பைத்தானை ஓட்டும்போது, நீங்கள் நிற்கிற ஃபோல்டரை அது தேடும் பாதையின் முதல் இடத்தில் வைக்கிறது. மாட்யூல் அங்கேயே கிடந்தால், நிறுவிய பேக்கேஜை விட்டுவிட்டு கண்ணெதிரே கிடக்கும் சோர்ஸைத்தான் இம்போர்ட் செய்யும். பேக்கேஜில் பாதி ஃபைல் விடுபட்டிருந்தாலும் டெஸ்ட் பச்சையாகவே இருக்கும். எங்களுக்கு நடந்தது இதுதான். எஸ்ஆர்சிக்குள் நகர்த்திவிட்டால், நிறுவாமல் இம்போர்ட் செய்ய வழியில்லை. விடுபட்டது உங்கள் லேப்டாப்பிலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது பைப்ராஜெக்ட் டாமல் ஃபைல். பெயர், வெர்ஷன், குறைந்தபட்ச பைத்தான் வெர்ஷன், சார்ந்திருக்கும் பேக்கேஜ்கள், எந்தக் கருவி கட்டப்போகிறது என்ற குறிப்பு எல்லாம் அந்த ஒரே ஃபைலில் அடங்கும். பழைய செட்டப் பை ஃபைல் என்பது ஒரு நிரல். ஓட்டிப் பார்த்தால்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். டாமல் வெறும் தகவல். படித்தாலே போதும். புதிதாகத் தொடங்குகிறவர்கள் பழையதைத் தொடவே வேண்டாம்.

சார்புகளை எழுதும்போது ஒரு வேறுபாட்டை மனதில் வையுங்கள். பலர் எடுத்துப் பயன்படுத்தப்போகும் மாட்யூல் என்றால் வரம்பாகக் கொடுங்கள்: இந்த வெர்ஷனுக்கு மேல், அடுத்த பெரிய வெர்ஷனுக்குள். துல்லியமாக ஒரே எண்ணைக் கட்டிப்போட்டால், உங்கள் மாட்யூலையும் இன்னொன்றையும் சேர்த்து நிறுவுகிறவருக்கு இரண்டும் இடிக்கும். ஆனால் சர்வரில் கடைசியாக ஓடப்போகும் அப்ளிகேஷனில் ஒவ்வொன்றும் துல்லியமான எண்ணோடுதான் இருக்க வேண்டும். வரம்பு மாட்யூலுக்கு, துல்லியம் அப்ளிகேஷனுக்கு.

டெம்ப்ளேட், ஃபான்ட், படம்: இங்கேதான் அதிகம் தவறுகிறது

நிரல் ஃபைல்களைக் கட்டும் கருவி தானாகவே எடுத்துக்கொள்ளும். மற்ற ஃபைல்களை எடுக்குமா என்பது கருவியைப் பொறுத்தது. செட்டப்டூல்ஸ் பயன்படுத்தினால், எந்த ஃபைல்கள் போக வேண்டும் என்று டாமலில் பேக்கேஜ் டேட்டா பகுதியிலோ மேனிஃபெஸ்ட் ஃபைலிலோ நீங்களே எழுத வேண்டும். ஹேச்லிங் என்றால் மாட்யூல் ஃபோல்டருக்குள் உள்ளதை எல்லாம் எடுக்கும், ஆனால் ஜிட் இக்னோரில் (ஜிட் கண்டுகொள்ள வேண்டாத ஃபைல்களின் பட்டியல்) உள்ளதை விட்டுவிடும். பில்டின்போது உருவாகும் மொழிபெயர்ப்பு ஃபைல்களைப் பெரும்பாலும் ஜிட் இக்னோரில்தான் போட்டிருப்போம். அவை சத்தமில்லாமல் காணாமல் போகும். எந்த எர்ரரும் வராது.

ஃபைல் உள்ளே போய்விட்டால் மட்டும் போதாது. அதை நிரல் எப்படித் திறக்கிறது என்றும் பாருங்கள். ரசீதின் பழைய நிரலில் ஃபான்ட் ஃபைலை, நிரல் ஓடும் ஃபோல்டரிலிருந்து பாதை சொல்லித் திறந்திருந்தோம். என் லேப்டாப்பில் நான் எப்போதும் வேர் ஃபோல்டரில் நின்றுதான் ஓட்டுவேன், அதனால் கிடைத்துக்கொண்டே இருந்தது. சர்வரில் சர்வீஸ் வேறெங்கோ நின்று தொடங்குகிறது. டெம்ப்ளேட்டைச் சேர்த்து மறுபடி கட்டிய பிறகும் அன்று இரவு இரண்டாவது முறை விழுந்தது இதனால்தான். இம்போர்ட்லிப் ரிசோர்சஸ் என்ற உள்ளமைந்த வசதி இதற்கென்றே இருக்கிறது. அதில் ஃபைல்ஸ் என்ற செயற்கூறு பைத்தான் 3.9 முதல் உண்டு. மாட்யூல் எங்கே நிறுவப்பட்டிருந்தாலும் அதற்குள் இருக்கும் ஃபைலை அது எடுத்துத் தரும். பாதையைக் கையால் ஒட்டும் வரிகளை எல்லாம் தேடிப் பிடித்து இதற்கு மாற்றுங்கள். எங்களுக்கு அரை நாள் பிடித்தது, பதினாறு இடங்கள் இருந்தன.

கட்டுவது, பிறகு திறந்து பார்ப்பது

வேலை செய்துகொண்டிருக்கும் ஃபோல்டரில் நின்று கட்டாதீர்கள். ஜிட்டிலிருந்து புதிதாக ஒரு க்ளோன் எடுத்து அதில் கட்டுங்கள். சிஐ சர்வர் (தானாகவே கட்டி டெஸ்ட் ஓட்டும் சர்வர்) இருந்தால் அதற்கே விட்டுவிடுங்கள், அது ஒவ்வொரு முறையும் வெறும் இடத்திலிருந்துதான் தொடங்கும். காரணம் இருக்கிறது. செட்டப்டூல்ஸ் பில்ட் என்ற ஃபோல்டரில் இடைநிலை நகல்களை விட்டுவைக்கும். நீங்கள் சோர்ஸிலிருந்து நீக்கிய ஃபைல் அங்கே கிடந்தால், அடுத்து நேரடியாகக் கட்டும் வீலுக்குள் (நிறுவத் தயாரான பைத்தான் பேக்கேஜ்) அது மறுபடி ஏறிவிடும். மூன்று மாதம் முன்பு அழித்த, வரித்தொகை கணக்கிடும் ஃபைல் ஒன்று இப்படி எங்கள் பேக்கேஜில் உட்கார்ந்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

பைத்தானின் பில்ட் கருவியை வேறு எந்தக் கொடியும் இல்லாமல் ஓட்டினால் இரண்டு வேலை நடக்கும். முதலில் சோர்ஸ் பொதி உருவாகும், அப்புறம் அந்தப் பொதியிலிருந்தே தனிச் சூழலில் வீல் உருவாகும். இது நல்ல ஏற்பாடு. சோர்ஸ் பொதியில் ஏதாவது விடுபட்டிருந்தால் வீல் கட்டும்போதே பல நேரம் மாட்டிக்கொள்ளும். வீலை மட்டும் கட்டும் கொடியைப் போட்டு நேரம் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வீல் என்பது பெயர் மாற்றிய ஜிப் ஃபைல்தான். பைத்தானின் ஜிப்ஃபைல் மாட்யூலாலேயே உள்ளிருக்கும் பட்டியலைப் பார்க்கலாம். ஒவ்வொரு வெளியீட்டிலும் இந்தப் பட்டியலை முழுக்கப் படியுங்கள். இரண்டு நிமிடம் ஆகும். இருக்க வேண்டியது இருக்கிறதா என்று பார்ப்பதோடு, இருக்கக் கூடாதது இருக்கிறதா என்றும் பாருங்கள்: டெஸ்ட் ஃபோல்டர், லோக்கல் டேட்டாபேஸ் ஃபைல், பாஸ்வேர்ட் உள்ள என்வ் ஃபைல். உள்ளே ரெக்கார்ட் என்றொரு ஃபைல் இருக்கும், அதில் மற்ற ஒவ்வொரு ஃபைலின் ஹாஷும் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், கைரேகை போன்ற எண்) எழுதியிருக்கும். இப்போது இந்தப் பட்டியலை முந்தைய வெளியீட்டின் பட்டியலோடு ஒப்பிட்டு வேறுபாட்டைக் காட்டும் சிறு ஸ்கிரிப்டை சிஐயில் வைத்திருக்கிறோம். கூடியது எது, குறைந்தது எது என்று பார்த்து ஒருவர் ஒப்புதல் கொடுத்தால்தான் அடுத்த படி.

வீலின் பெயரையும் படிக்கப் பழகுங்கள். பெயர் நன்-எனி என்று முடிந்தால் அதில் சி போன்ற மொழியில் எழுதி கம்பைல் செய்த பகுதி இல்லை, எந்த இயங்குதளத்திலும் நிறுவலாம். கம்பைல் செய்த பகுதி இருந்தால் வேலை கூடும். லினக்ஸ் லேப்டாப்பில் கட்டிய வீல் இன்னொரு லினக்ஸில் ஓடும் என்பதற்கு உத்தரவாதமில்லை. அது சார்ந்திருக்கும் ஜிலிப்சி என்ற அடிப்படை நூலகம் சர்வரில் பழையதாக இருக்கலாம். அதற்காகத்தான் மெனிலினக்ஸ் என்ற தரம் வந்தது. மெனிலினக்ஸ்2014 என்றால் ஜிலிப்சி 2.17 முதல் ஓடும் என்று பொருள். அதற்கான டாக்கர் இமேஜிலேயே (நிரலும் அதற்கு வேண்டிய சூழலும் ஒன்றாக அடங்கிய பொதி) கட்டி, ஆடிட்வீல் கருவியால் சரிபாருங்கள். ஆல்பைன் லினக்ஸில் ஜிலிப்சியே கிடையாது, மஸ்ல் என்ற வேறு நூலகம் இருக்கிறது, அதற்குத் தனி வீல் வேண்டும். சிறிய இமேஜ் என்று ஆசைப்பட்டு ஆல்பைனுக்குப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே யோசித்துவிடுங்கள்.

வெறும் சூழலில் நிறுவிப் பாருங்கள்

புதிய வெர்ச்சுவல் என்விரான்மென்ட் ஒன்றை உருவாக்குங்கள். சோர்ஸ் இருக்கும் ஃபோல்டரை விட்டு வெளியே வாருங்கள், தற்காலிக ஃபோல்டர் ஏதாவது ஒன்றுக்கு. அங்கே நின்று வீலை நிறுவி, டெஸ்ட்களை அந்த நிறுவிய பேக்கேஜின் மேல் ஓட்டுங்கள். பிறகு பைத்தானின் நிறுவும் கருவியான பிப்பில் செக் கட்டளையை ஓட்டினால் சார்புகளுக்குள் முரண் இருக்கிறதா என்று சொல்லும். ரசீதுக்கு நான் இன்னொன்றும் செய்வேன்: உண்மையான ஒரு பிடிஎஃப் உருவாக்கித் திறந்து கண்ணால் பார்ப்பேன். ஃபான்ட் இல்லாவிட்டால் சில பிடிஎஃப் நூலகங்கள் எர்ரர் கொடுக்காமல் எழுத்துக்குப் பதில் கட்டம் போட்டுவிடும். அதைக் கண்ணால் பார்க்கிறவருக்குத்தான் தெரியும்.

அப்புறம் இணையத்தைத் துண்டித்துவிட்டு இதையே இன்னொரு முறை செய்யுங்கள். எல்லாச் சார்புகளையும் முன்பே ஒரு ஃபோல்டரில் இறக்கி வைத்து, வெளியே எந்த இண்டெக்ஸையும் (பேக்கேஜ் களஞ்சியம்) பார்க்காதே என்று பிப்புக்குச் சொல்லி, அந்த ஃபோல்டரிலிருந்து மட்டும் நிறுவ வேண்டும். இது தேறினால் உங்கள் டெப்ளாய், அதாவது சர்வரில் ஏற்றும் வேலை, இன்னொருவரின் சர்வர் உயிரோடு இருப்பதை நம்பியிருக்கவில்லை. 2016 மார்ச்சில் ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜ்களின் என்பிஎம் களஞ்சியத்திலிருந்து லெஃப்ட்-பேட் என்ற 11 வரி பேக்கேஜை அதை எழுதியவர் நீக்கினார். அதைச் சார்ந்திருக்கிறோம் என்றே தெரியாத எத்தனையோ ப்ராஜெக்ட்களின் பில்ட் உடைந்தது. உங்கள் சார்புகளின் சார்புகளில் அப்படி எது இருக்கிறது என்று உங்களுக்கும் உடனே சொல்ல முடியாது, எனக்கும் முடியாது. நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்வதுதான் வழி.

சார்புகளின் துல்லியமான வெர்ஷன்களைப் பூட்டி வைக்கும் லாக் ஃபைலில் எண்ணோடு ஹாஷையும் சேர்த்து எழுதுங்கள். ஹாஷ் உருவாக்கும் கொடியோடு ஓட்டினால் பிப்-கம்பைல் கருவி இதைத் தானே செய்து தரும். நிறுவும்போது ஹாஷ் கட்டாயம் என்ற கொடியைப் போட்டால், ஒன்றுக்கு ஹாஷ் இல்லாவிட்டாலும் பிப் நின்றுவிடும். நிற்கட்டும். அதற்காகத்தான் அந்தக் கொடி.

நிறுவனத்துக்குள் தனி இண்டெக்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். பிப்பில் கூடுதல் இண்டெக்ஸ் என்று ஒரு தெரிவு உண்டு. உள் இண்டெக்ஸை அதில் கொடுத்தால் அதற்கு முன்னுரிமை கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். கிடைக்காது. பிப் இரண்டையும் சேர்த்துப் பார்த்து உயர்ந்த வெர்ஷனை எடுக்கும். உங்கள் உள் பேக்கேஜின் பெயரிலேயே யாராவது பொது இண்டெக்ஸில் 99.0 என்று ஒன்றைப் போட்டால் அதுதான் உங்கள் சர்வருக்கு வரும். 2021இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் இந்த வழியில் பல பெரிய நிறுவனங்களின் உள்ளே தன் நிரலை ஓட்டிக் காட்டினார். ஒரே இண்டெக்ஸைக் கொடுத்து, பொதுப் பேக்கேஜ்களையும் அதன் வழியாகவே வர வையுங்கள்.

வெர்ஷன் எண்

ஒரு முறை வெளியிட்ட எண்ணை மறுபடி பயன்படுத்தவே கூடாது. இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஒரு முறை ரசீது 1.4.2 வெளியான பத்து நிமிடத்தில், அதில் ஓர் எழுத்துப்பிழை இருப்பதைப் பார்த்த ஒருவர், திருத்தி அதே 1.4.2 என்ற பெயரில் உள் இண்டெக்ஸில் மேலெழுதிவிட்டார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் அதற்குள் இரண்டு சர்வர்கள் பழைய 1.4.2ஐ நிறுவியிருந்தன. அவற்றில் மறுபடி நிறுவச் சொன்னபோது, 1.4.2 ஏற்கெனவே இருக்கிறது என்று சொல்லி பிப் ஒன்றும் செய்யவில்லை. ஒரே எண், இரண்டு விதமான நிரல். சில ரசீதுகளில் மட்டும் பிழை வந்தது, சிலவற்றில் வரவில்லை. எல்லாச் சர்வரிலும் ஒரே வெர்ஷன்தானே என்று நம்பிக்கொண்டு இரண்டு நாள் டேட்டாவில் பிழை தேடினோம்.

பைத்தானின் பொது இண்டெக்ஸான பைபிஐ இதை அனுமதிப்பதே இல்லை. நீக்கிய ஃபைலின் பெயரில்கூட மறுபடி ஏற்ற முடியாது. உங்கள் உள் இண்டெக்ஸிலும் மேலெழுதும் அனுமதியை எடுத்துவிடுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் 1.4.3 என்று போங்கள். எண்களுக்குப் பஞ்சமில்லை.

எண்ணோடு, ஜிட்டில் பதிவான நிலைக்கு (கமிட்) இடும் டேக் என்ற பெயரும் ஒன்றாக இருக்கட்டும். மாட்யூல் ஓடத் தொடங்கும்போது தன் வெர்ஷனையும் கமிட் எண்ணையும் லாகில் முதல் வரியாக எழுதட்டும். வெர்ஷனை நிரலுக்குள் தனியாக எழுதி வைத்தால் ஒரு நாள் இரண்டும் வேறுபடும். இம்போர்ட்லிப் மெட்டாடேட்டா வழியாக நிறுவிய பேக்கேஜையே கேட்டு வாங்குங்கள்.

ஒரே கமிட்டை இரண்டு முறை கட்டினால்கூட, ஜிப்புக்குள் பதியும் நேரக் குறிப்பால் ஹாஷ் மாறக்கூடும். ஆகவே ஸ்டேஜிங்குக்கு (இறுதிச் சோதனைச் சூழல்) ஒன்று, ப்ரொடக்‌ஷனுக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கட்ட வேண்டாம். ஒரு முறை கட்டியதையே எல்லா இடத்துக்கும் நகர்த்துங்கள். இடத்துக்கு இடம் மாறும் யுஆர்எல், பாஸ்வேர்ட் எல்லாம் பேக்கேஜுக்கு வெளியே, சூழல் மாறிகளில் இருக்கட்டும். தேவையான மாறி இல்லை என்றால் மாட்யூல் தொடங்கும்போதே தெளிவாகச் சொல்லி நின்றுவிட வேண்டும். முதல் வாடிக்கையாளரின் ஆர்டர் வரும் வரை காத்திருந்து விழக் கூடாது.

டாக்கர் இமேஜில் போகிறதென்றால்

சுருக்கமாகச் சொல்கிறேன். கட்டுவது ஒரு கட்டத்தில், ஓடுவது இன்னொரு கட்டத்தில். கம்பைலரும் ஜிட்டும் இறுதி இமேஜுக்குள் வர வேண்டியதில்லை, வீல் மட்டும் வந்தால் போதும். லாக் ஃபைலை முதலில் நகலெடுத்துச் சார்புகளை நிறுவி, அதன் பிறகு வீலை நிறுவினால், நிரல் மாறும்போது சார்புகளின் லேயர் (இமேஜின் ஓர் அடுக்கு) முன்பு சேமித்த கேஷிலிருந்தே வரும். ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) அல்லாத பயனராக ஓட்டுங்கள். ஒரு லேயரில் நகலெடுத்த ரகசியத்தை அடுத்த லேயரில் அழித்தாலும் அது இமேஜுக்குள் இருந்துகொண்டே இருக்கும். டாக்கர் இக்னோர் ஃபைலை முதலிலேயே எழுதி, அது உள்ளே வராமல் பாருங்கள். டெப்ளாய் செய்யும்போது லேட்டஸ்ட் என்ற டேக்கைக் கொடுக்காமல் இமேஜின் எஸ்எச்ஏ256 டைஜஸ்ட்டைக் கொடுங்கள். டேக் நாளைக்கே வேறொன்றைக் காட்டலாம், டைஜஸ்ட் மாறாது.

தொடங்கும் கட்டளையை வெறும் வரியாக எழுதாமல் பட்டியல் வடிவில் எழுதுங்கள். வரியாக எழுதினால் ஷெல் நடுவில் வந்து உட்காரும். நிறுத்தச் சொல்லி வரும் சிக்னல் உங்கள் நிரலுக்குப் போய்ச் சேராமல் போகலாம். டாக்கர் 10 நொடி காத்திருந்து கொன்றுவிடும், பல சர்வர்களில் இமேஜ்களை ஓட்டி நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் 30 நொடி காத்திருக்கும். ஒவ்வொரு டெப்ளாயின்போதும் பாதியில் நின்ற பிடிஎஃப்கள் எங்களுக்கு இதனால்தான் வந்துகொண்டிருந்தன.

ஏற்றுவதும் திரும்ப இறக்குவதும்

2012 ஆகஸ்ட் 1ஆம் தேதி அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனமான நைட் கேப்பிடல், சந்தை திறந்த முதல் 45 நிமிடத்தில் 46 கோடி டாலருக்கும் மேல் இழந்தது. எட்டு சர்வர்களில் ஏழுக்குத்தான் புதிய நிரல் போயிருந்தது. எட்டாவதில் பல ஆண்டுகளாகப் பயன்படாமல் கிடந்த பழைய பகுதி, புதிய நிரலுக்காக மறுபயன்பாட்டுக்கு எடுத்த ஒரு கொடியால் உயிர்பெற்று, ஆர்டர்களை வெளியே தள்ளிக்கொண்டே இருந்தது. எட்டையும் இன்னொருவர் சரிபார்க்க வேண்டும் என்ற நடைமுறை அங்கே இல்லை. நான் இதைப் புதிதாகச் சேர்கிற ஒவ்வொருவருக்கும் சொல்கிறேன்.

ஏற்றி முடித்ததும் ஒவ்வொரு சர்வரிடமும் தனித்தனியாக வெர்ஷன் கேளுங்கள். டெப்ளாய் ஸ்கிரிப்ட் வெற்றி என்று சொல்வதும், சர்வர் தன் வாயால் 1.4.3 என்று சொல்வதும் ஒன்றாகிவிடாது. லோட் பேலன்சர் (கோரிக்கைகளைச் சர்வர்களுக்குப் பிரித்து அனுப்புவது) வழியாகக் கேட்டால் ஏதோ ஒன்றுதான் பதில் சொல்லும், அதனால் ஒவ்வொன்றின் முகவரியிலும் நேரடியாகக் கேளுங்கள். முதலில் ஒரே ஒரு சர்வரில் ஏற்றிக் கொஞ்ச நேரம் பாருங்கள். ரசீதுக்கு நான் இருபது நிமிடம் வைத்திருக்கிறேன், அதற்குள் எங்களுக்கு எல்லா வகை ரசீதும் ஒரு முறையாவது வந்துவிடும். உங்களுடையது எவ்வளவு என்று உங்கள் டிராஃபிக்கைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

திரும்ப இறக்க முந்தைய வீலும் அதன் லாக் ஃபைலும் கையில் இருக்க வேண்டும். பழைய கமிட்டிலிருந்து மறுபடி கட்டிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். அந்த நேரத்தில் கட்டுவது பழையதே தானா என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. டேட்டாபேஸ் மாற்றம் இருந்தால் அதைத் தனி வெளியீடாகப் பிரித்துவிடுங்கள்: முதலில் புதிய நெடுவரிசையைச் சேர்க்கும் வெளியீடு, பழைய நிரலும் அதோடு ஓட வேண்டும். பிறகு புதிய நிரல். பழைய நெடுவரிசையை நீக்குவது எல்லாம் நிலைத்த பிறகு, குறைந்தது இன்னொரு வெளியீடு கழித்து.

இறக்கும் கட்டளையை ஸ்டேஜிங்கில் உண்மையாகவே ஓட்டிப் பாருங்கள். நாங்கள் மாதம் ஒரு முறை, பகல் நேரத்தில், குழுவில் மிகப் புதியவரை உட்காரவைத்து ஓட்டுகிறோம். பக்கத்தில் நான் இருப்பேன், ஆனால் வாய் திறக்க மாட்டேன். அவர் எங்கே தயங்கினாரோ அந்த வரியைக் குறித்துக்கொண்டு, அன்று மாலையே ரன்புக்கில் (படிப்படியான செயல்முறைக் குறிப்பு) திருத்துகிறோம். முதல் முறை 40 நிமிடம் ஆயிற்று. போன மாதம் 6 நிமிடம்.